மச்சானின் வண்டி என்ன நிறம்?

"மாப்பிள்ளை, இது யாரு வண்டி?"

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு என் மச்சான் ராமையா என்னைக் கேட்ட கேள்வி இது. இடம் - கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில் அவர் வீட்டு ஹால். அவர் கையில் இருந்தது, இருபத்துமூன்று நாள் உட்கார்ந்து கட்டி, மூன்று தடவை பெயிண்ட் அடித்து நான் கொடுத்த பிளாஸ்டிக் மாடல். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ராணுவ லேண்ட் ரோவர்.

"உங்க வண்டிதான் மச்சான்" என்றேன்.

"என் வண்டியா? என் வண்டி பச்சை லா! இது என்ன... நீலம்?"

என் மனைவி சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இதே வண்டியை, இதே நிறத்தில் பார்த்து, "இதான்... இதேதான் பச்சை" என்று கண் கலங்கியவர் இதே மச்சான்!

யாருக்குப் புத்தி பிசகிவிட்டது? அவருக்கா, எனக்கா?

வரிசையாகச் சொல்கிறேன். எல்லாம் தேதிவாரியாக டைரியில் இருக்கிறது. அப்படியும் எனக்குக் குழப்பம் தீரவில்லை என்பது வேறு விஷயம்.

என்னுடைய பிளாஸ்டிக் மாடல் பைத்தியம் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். டாங்கி, ஜீப், லாரி என்று இதுவரை ஏழு கட்டியிருக்கிறேன். பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டின் ஷோகேஸில், கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர்களை ஓரம் தள்ளிவிட்டு அந்த ஏழும் வரிசையாக நிற்கின்றன. டம்ளர்களைத் தள்ளியது பற்றி சரசு இன்னும் பேசுவாள். அதை இங்கே எழுத இடம் போதாது.

ராமையா மச்சான் சரசுவின் அண்ணன். ராணுவத்தில் பன்னிரண்டு வருஷம் டிரைவர். வெளியே வந்த பிறகு பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டினார். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் புதனுக்கு இருபத்துநான்கு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தார். தீவுக்குப் பாலம் கட்டி வருஷக்கணக்கில் ஆனாலும் அவருக்கு ஃபெரிதான். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. ஷோகேஸ் முன்னால் போய் நின்றார். மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதுல லேண்ட் ரோவர் கெடைக்குமா?"

"கிடைக்கும் மச்சான். ஏன்?"

"பன்னெண்டு வருஷம் ஓட்டுனேன். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கல. ஆபரேஷன்ல என்ன ஆவுமோ... அதுக்கு முன்னாடி அத ஒரு தடவ பாத்துடணும்."

"என்னாண்ணே பேச்சு இது?" என்றாள் சரசு. "கண்ணுல சின்னதா ஒரு ஆபரேஷன். இதுக்குப் போய்..."

"கண்ணுலதான் செய்யுறாங்க, அதான் பயமே" என்றார் மச்சான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சட்டைப் பித்தானை முறுக்கிக்கொண்டிருந்த விரல் நிற்கவில்லை. கத்தி பட்டால் பார்வை போய்விடும் என்று அவர் முடிவே கட்டிவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது.

மறுநாள் ஆபீஸ் முடிந்து கடைக்குப் போனேன். லேண்ட் ரோவர் இருந்தது. பெட்டியைத் திறந்ததுமே முதல் சிக்கல். படத்தில் இருப்பது பாலைவனத்தில் ஓடும் வண்டி. மணல் நிறம். உள்ளே இருந்த விளக்கத் தாளிலும் மணல் நிறத்துக்குத்தான் கலவை போட்டிருந்தான். நம்மூர்க் காட்டுப் பச்சைக்கு அதில் ஒரு வரி இல்லை.

இப்போது ரோட்டில் போகும் ராணுவ லாரியைப் பார்த்து அடித்துவிடலாமா? மச்சானிடம் போனில் கேட்டேன்.

"அது வேற பச்சை மாப்பிள்ளை. எங்க காலத்துப் பச்சை வேற. நீங்க அடிச்சிட்டு வாங்க, நான் சொல்றேன்."

ஆக, அந்த நிறத்துக்கு உலகத்தில் எனக்கு இருந்த ஒரே சாட்சி மச்சான்.

நல்ல சாட்சிதான். வண்டியின் நம்பரை அதே போனில், மூச்சு விடாமல் சொன்னார். டயர் பிரஷர் சொன்னார். பின் கதவின் தாழ்ப்பாள் இடதுபக்கம் கொஞ்சம் நெளிந்திருக்கும் என்றார். இவ்வளவும் நினைவில் வைத்திருப்பவர் நிறத்தில் மட்டும் தவறுவாரா?

வேலையை ஆரம்பித்தேன். மொத்தம் நூற்று இருபத்தெட்டு துண்டுகள். முதலில் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் அச்சில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு பெயிண்டைப் பிடிக்க விடாது. பிறகு ஒவ்வொரு துண்டாகக் கத்தியால் வெட்டி, மணல்தாளில் தேய்த்து, பசை போடாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, அதற்கப்புறம்தான் பசை. முன் கண்ணாடிக்குப் பசை போடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஒரு துளி வழிந்தாலும் கண்ணாடி பனி படர்ந்த மாதிரி வெளுத்துவிடும்.

பின் கதவுத் தாழ்ப்பாளை மெழுகுவர்த்திச் சூட்டில் காட்டி இடதுபக்கம் கொஞ்சம் நெளித்தேன். புதிய சாமானை வேண்டுமென்றே நெளிப்பதைப் பார்த்து சரசு தலையில் அடித்துக்கொண்டாள்.

பதினோராம் நாள் கட்டி முடிந்தது. அடுத்தது பெயிண்ட்.

என் முறையைச் சொல்லிவிடுகிறேன். கிச்சாப், அதாவது சோயா சாஸ், ஊற்றும் சின்னப் பீங்கான் தட்டில், குச்சியால் சொட்டுக் கணக்கில்தான் கலப்பேன். கலந்ததை டைரியில் எழுதுவேன். வண்டியில் அடித்த அதே பெயிண்டை, துண்டுகளை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் பட்டையிலும் ஒரு தீற்று தீற்றி வைப்பேன். பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிடலாம் அல்லவா?

முதல் கலவை: பச்சை பன்னிரண்டு சொட்டு, பழுப்பு மூன்று, கறுப்பு ஒன்று. மெலிசாக இரண்டு கோட். நடுவில் ஒரு முழு நாள் காயவிட்டேன். தூசி படாமல் பிஸ்கட் டின்னால் மூடிவைத்தேன். பார்த்தால் எனக்கே திருப்தி. மழை நின்ற பிறகு தண்ணீர்மலைப் பக்கம் தெரியும் மரங்களின் பச்சை.

பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஃபெரியில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மச்சான் வண்டியை வாங்கித் தாழ்ப்பாளைத் தடவினார். "அடேயப்பா, நெளிச்சிருக்கீங்க!" என்று சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். திருப்பினார். சாய்த்தார்.

"நிறம் சரியில்லையே மாப்பிள்ளை. காஞ்ச எலை மாதிரி இருக்கு. மஞ்ச தூக்கலா இருக்கு."

மஞ்சளா? நான் ஒரு சொட்டு மஞ்சள்கூடச் சேர்க்கவில்லை!

டியூப் லைட் காரணமாக இருக்குமோ என்று வாசலுக்கு அழைத்துப் போனேன். வெயிலிலும் மஞ்சள்தான் என்றார். என் கண்ணுக்கு வெயிலிலும் பச்சைதான். ஆனால் ஓட்டியவர் அவர். நான் ஆபீஸில் ஃபைல் ஓட்டியவன். திரும்பி வந்தேன்.

மஞ்சளைக் குறைக்க வேண்டும். என்ன செய்வது? நீலம் சேர்க்க வேண்டியதுதான். இரண்டாவது கலவை: பச்சை பன்னிரண்டு, நீலம் நான்கு, கறுப்பு ஒன்று. பழுப்பை அடியோடு நிறுத்தினேன். பழைய பூச்சின் மேலேயே அடித்தேன். சுரண்டி எடுக்க நாள் இல்லை.

பதினெட்டாம் நாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுக் காட்டினேன்.

"கிட்ட வந்துட்டீங்க" என்றார் மச்சான். "இன்னும் கொஞ்சம். இன்னும் பளிச்சுன்னு."

"எவ்வளவு கொஞ்சம் மச்சான்?"

"அத எப்படிச் சொல்றது? பாத்தா தெரிஞ்சிடும் லா."

பார்த்தால் தெரிந்துவிடும்! யார் பார்த்தால்? எனக்கு இப்போதே நீலப்பச்சையாகத் தெரிகிறதே?

ஆனால் ஆறு நாள்தான் பாக்கி. அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்தச் சின்ன வண்டியை மூக்குக்கு அருகே பிடித்துக்கொண்டு, எதையோ தேடுகிறார். தேடியது கிடைக்காமல் அவரை ஆபரேஷனுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது கலவை: பச்சை ஆறு, நீலம் பத்து. கறுப்பு கிடையாது. கை தயங்கியது, ஆனாலும் அடித்தேன். மூன்றாவது பூச்சில் கதவுகளின் சின்னச் சின்ன ஆணித் தலைகள் எல்லாம் பெயிண்டுக்குள் மூழ்கிப் போயின. என்னைப் போன்றவனுக்கு அது என்ன வேதனை என்று மாடல் கட்டுபவர்களுக்குத்தான் தெரியும்.

காய்ந்துகொண்டிருந்ததை சரசு பார்த்தாள்.

"ஏங்க, இது போலீஸ் வண்டியா?"

"உங்க அண்ணன் வண்டி."

"நீலமா இருக்கு?"

"உங்க அண்ணனுக்கு இதுதான் பச்சையாம்."

"அண்ணன் சொன்னா நீங்க அப்படியே அடிச்சிடுவீங்களா?"

"சரி, அவர் சொல்வது தப்பென்று நீ போய்ச் சொல்லு."

அவள் சொல்லவில்லை. என் கண்ணில்தான் கோளாறோ என்று வண்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஃபிளாட்டுக்குக் கீழே ரொட்டி சானாய் போடும் காதர் பாயிடம் காட்டி, ஒன்றும் சொல்லாமல், "பாய், இது என்ன நிறம்?" என்றேன்.

மாவை வீசிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார்.

"நீலம். ஏன் சார், உங்களுக்குத் தெரியலையா?"

தெரிகிறதே! அதுதான் பிரச்சினையே!

இருபத்துமூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. மச்சானை வார்டில் சேர்த்திருந்தார்கள். மாலை விசிட்டிங் நேரத்தில் நானும் சரசுவும் போனோம். ஆஸ்பத்திரி உடுப்பில் அவரைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது. கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்.

பிஸ்கட் டின்னைத் திறந்து வண்டியை அவர் கையில் வைத்தேன். இதற்கு மேல் ஒரு பூச்சு அடிக்க நாளும் இல்லை, இடமும் இல்லை.

பார்த்தார். திருப்பினார்.

"இதான்" என்றார். "இதேதான் பச்சை. மழையில நனைஞ்சு நின்னா இப்படித்தான் இருக்கும். எப்படி மாப்பிள்ளை புடிச்சீங்க?"

கண் கலங்கிவிட்டது. நான் எழுதியிருந்த நம்பரை விரலால் தடவிப் படித்தார். அதற்கப்புறம் சரசு கொண்டுபோன கஞ்சியை முழுக்கக் குடித்தார். "இப்ப என்ன ஆனாலும் பரவால்ல லா" என்றார்.

அன்று டைரியில் இரண்டே வரி எழுதினேன். மச்சானுக்குச் சரி. எனக்கு நீலம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குள்ளே ஒரு சின்ன வில்லை வைத்திருக்கிறார்களாம். கட்டைப் பிரித்த அன்று, சுவரில் இருக்கும் காலண்டரில் சின்ன எழுத்தைக்கூடப் படிக்க முடிகிறது என்று போனில் கத்தினார். அண்ணனுக்காக சரசு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். எல்லாம் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம்.

அங்கேதான் அந்தக் கேள்வி. இது யாரு வண்டி?

"வார்டுல நீங்கதானே மச்சான் இதான் பச்சைன்னு சொன்னீங்க?"

"நான் சொன்னது வேற வண்டி. பச்சையா இருந்திச்சே!"

"அதே வண்டிதான். அதற்கப்புறம் நான் தொடவேயில்லை."

"அண்ணே, சத்தியமா இவரு தொடல" என்றாள் சரசு.

மச்சான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு ஏதோ தோன்றியவர் போல வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஆ... பச்சை!"

கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார்.

"நீலம்!"

வலது. "பச்சை!" இடது. "நீலம்!" நாலைந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, உங்க சட்டை இந்தப் புதுக் கண்ணுல வெள்ளை. பழைய கண்ணுல தேத்தண்ணி கொட்டுன மாதிரி இருக்கு. டாக்டர்கூட சொன்னாரு... உள்ள இருந்த பழைய வில்லை மஞ்சளாப் போயிருந்திச்சு, இனிமே எல்லாம் கொஞ்சம் நீலமாத் தெரியும், பயப்படாதீங்கன்னு. நான்தான் மறந்துட்டேன்."

பல வருஷமாக மஞ்சள் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்த்திருக்கிறார் மனுஷர்! புரை என்றால் புகை படிந்த மாதிரி மங்கலாகத் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நிறமும் மாறும் என்று யாருக்குத் தெரியும்? நான் கலந்த அத்தனை நீலமும் அந்த மஞ்சளோடு சேர்ந்துதான் அவருக்குப் பச்சையாகியிருக்கிறது.

பையிலிருந்து பிளாஸ்டிக் பட்டையை எடுத்தேன். மூன்று தீற்றல்களும் வரிசையாக இருந்தன. நீட்டினேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, யோசிக்கக்கூட இல்லாமல், முதல் தீற்றலில் விரலை வைத்தார்.

"இது. நூத்துக்கு நூறு இதான்."

பச்சை பன்னிரண்டு, பழுப்பு மூன்று, கறுப்பு ஒன்று. பதினான்காம் நாளே நான் கொண்டுபோன நிறம்!

சிரிப்பதா, அழுவதா? வீட்டில் கணவனும் மனைவியும் போடும் சண்டைகளில் பாதி இப்படித்தான் இருக்குமோ? குழம்பில் உப்பு தூக்கல் என்கிறேன், சரசு சரியாக இருக்கிறது என்கிறாள். ரேடியோ சத்தம் அதிகம் என்கிறாள், எனக்குக் காதிலேயே விழவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக, பார்த்ததை எல்லாம் நேரம் போட்டு டைரியில் எழுதி வருகிறேன். எந்தக் கண்ணால் பார்த்தேன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"மச்சான், வண்டியைக் கொடுங்கள். சுரண்டி எடுத்துவிட்டு சரியான பச்சையில் அடித்துத் தருகிறேன். பத்து நாள் போதும்."

கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்."

"அடுத்த மாசம் இடது கண்ணையும் செய்துவிட்டால் இரண்டு கண்ணுக்கும் நீலமாகத்தான் தெரியும்."

"தெரியட்டும். அன்னைக்கு வார்டுல ராத்திரி முழுக்கத் தூக்கம் வரல. கண்ண மூடுனா இந்த வண்டிதான் நின்னுச்சு. அதான் காலைல பயமில்லாம போய்ப் படுத்தேன். இதப் போயி சுரண்டுவேன்னு நிக்கிறீங்க?"

நான் பட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் மச்சானை நலம் விசாரிக்க வந்தார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது டிவி மேல் மச்சான் வைத்த வண்டிதான்.

"என்னாண்ணே, ஆர்மி வண்டிங்கிறீங்க, நீலமா இருக்கு?"

மச்சான் என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, ஆனால் எனக்குத் தெளிவாகக் கேட்கும்படி சொன்னார்.

"மாப்பிள்ளை செஞ்சது. பாவம், அவருக்குக் கண்ணுல ஏதோ கோளாறு. சொல்லிக் காட்டாதீங்க."

நான் மறுக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கண் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன்... எனக்குத்தான்.